கலத்தின் வாசலும் நான் இட்ட தலைப்பும்

"கொரோனாவை நாற்பத்தெட்டு மணித்தியாலங்களில் அழிக்கும் மருந்து கண்டுபிடிப்பு."

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நான் எழுதிய ஒரு செய்திக்கு நானே இட்ட தலைப்பு இது. எனது பத்திரிகை வாழ்வில் எத்தனையோ தலைப்புகளை இட்டிருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை மறுநாளே கடைகளில் பொதி சுற்றப் போய்விட்டன. இந்த ஒரு தலைப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அது ஏன் என்பதையும், அதன் பின்னால் இருந்த நெடிய விஞ்ஞான வரலாற்றை நான் எவ்வளவு பிந்தி அறிந்துகொண்டேன் என்பதையும் இங்கு பதிவு செய்வது எனது கடமையெனக் கருதுகிறேன்.

செய்தி பொய்யானதன்று. அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐவர்மெக்டின் என்ற பழைய பூச்சி மருந்தை, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட குரங்குக் கலங்களில் இட்டபோது, இரண்டு நாட்களில் கொரோனா வைரசின் மரபுப் பொருள் ஏறத்தாழ 5,000 மடங்கு குறைந்ததாக அறிவித்திருந்தனர். நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்த நாட்கள் அவை. வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் தகவலை இருபது நிமிடங்களில் மொழிபெயர்த்து அனுப்பிவிட்டேன். "ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களில்" என்ற சொற்கள் எனது செய்தியின் நான்காவது பந்தியில் இருந்தன. தலைப்பில் இருக்கவில்லை.

அதே வருடம் நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றில் தொற்றுப் பரவத் தொடங்கி, எமது கரையோர ஊர்கள் ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்தப்பட்டன. டிசம்பரில் ஒருநாள் மாலை, எனக்கு நன்கு தெரிந்த பெரியவர் ஒருவர் எனது வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நான்காக மடித்த பத்திரிகை நறுக்கு.

"தம்பி, இது நீங்கதானே எழுதின?"

"ஓம் காக்கா."

"இந்தக் குளிசைய எங்க எடுக்கலாம்? பாமசியில இல்லயாம். மாட்டுக்குப் போடுற ஊசி மருந்தும் இதே பேர்தான் எண்டு ஒராள் சொல்றார். அத எடுத்தாப் பாவிக்க ஏலுமா?"

நான் திடுக்கிட்டுப் போனேன். அப்படிச் செய்துவிட வேண்டாம் என்று மன்றாடாத குறையாகக் கூறினேன். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அவர் சற்று நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"மௌத்துக்குப் பயமில்ல தம்பி. நெருப்புக்குத்தான் பயம்."

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டும். 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தலின்படி, கொரோனாவினால் மரணித்தோரின் உடல்கள் எச்சமயத்தவருடையவையாயினும் தகனம் செய்யப்பட்டே ஆகவேண்டும் என்றிருந்தது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும் அந்நிலை 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வரை நீடித்தது. மார்ச் மாதத்திலேயே ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்படத் தொடங்கின. அந்தப் பத்து மாதங்களில் எமது ஊர்களில் பலர் நோயைவிட ஆஸ்பத்திரியையே அஞ்சினர். அப்படியான ஒருவரது சட்டைப் பையில் எனது தலைப்பு எட்டு மாதங்கள் பத்திரமாக இருந்திருக்கிறது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. "இந்த மருந்து உண்மையில் என்ன செய்கிறது?" என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. நான் கலைப்பட்டதாரி. உயிரியலைச் சாதாரண தரத்தோடு கைவிட்டவன். ஆயினும் எழுதியவன் என்ற வகையில் அறிந்திருக்க வேண்டியவன். அதன் பின்னர் தெரிந்தவர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் நான் புரிந்துகொண்ட வரலாற்றையே கீழே தருகிறேன்.

அந்த மருந்தின் ஆய்வுக் கதை கொரோனாவில் தொடங்கவில்லை. எமது உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கும் ஒரு வாசலைப் பற்றிய தேடலில் அது தொடங்கியது.

இலங்கையில் நாம் கலம் என்றும், தமிழகத்தில் செல் என்றும் அழைக்கும் அந்தச் சிற்றறையின் நடுவே கரு ஒன்று இருக்கிறது. ஓர்கிட் தாவரங்களை ஆராய்ந்த ரொபர்ட் பிரௌன் என்ற ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளர் 1831இல் அதற்குப் பெயரிட்டார். பரம்பரைத் தகவல் எழுதப்பட்ட டி.என்.ஏ. இந்தக் கருவினுள் இரட்டைச் சவ்வினால் சூழப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் உடலின் வேலைகளைச் செய்யும் புரதங்கள் உற்பத்தியாவதோ கருவுக்கு வெளியே, குழியவுருவில். அவற்றை உற்பத்தி செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்தமைக்காகவே, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டி.என்.ஏயைச் சுற்றிவைக்கவும், படியெடுக்கவும், பழுதுபார்க்கவும் தேவையான புரதங்கள் அனைத்தும் வெளியே பிறந்து உள்ளே செல்ல வேண்டும். செல்வது எப்படி?

1950இல் கலன், டொம்லின் என்ற இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உதவியால், ஈரூடகவாழிகளின் முட்டைக் கலங்களில் கருவின் சவ்வு முழுவதும் துளைகள் இருப்பதைக் கண்டனர். இன்று அத்துளைகளின் அமைப்பு விரிவாகத் தெரியும். எட்டு மடிப்புச் சமச்சீர் கொண்ட வளையம். ஏறத்தாழ முப்பது வகைப் புரதங்கள், மொத்தம் ஆயிரமளவில் சேர்ந்து கட்டிய ஒரு பெரும் வாயில். மனிதக் கலமொன்றின் கருவில் இத்தகைய வாயில்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

வாயிலின் நடுப்பகுதி வெறும் ஓட்டையன்று. ஒழுங்கான வடிவமற்ற புரத இழைகள் அங்கே பின்னிக் கிடக்கின்றன. எமது கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சிறிய மீன்கள் கண்ணிகளூடாக நழுவிவிடும், பெரியவை அகப்படும். அதுபோல் சிறிய மூலக்கூறுகள் தாமாகவே கருவுக்குள் போய்வருகின்றன. ஏறத்தாழ 40 கிலோடால்டனுக்கு மேற்பட்ட பெரிய புரதங்களுக்கு அந்த வழி இல்லை.

ஆயினும் பெரிய புரதங்கள் உள்ளே இருக்கின்றன. 1975இல் வில்லியம் பொனர் என்பவர் தவளையின் முட்டைக் கலங்களுக்குள் வெவ்வேறு புரதங்களை ஊசிமூலம் செலுத்திப் பார்த்தார். ஆபிரிக்கத் தவளையொன்றின் முட்டைக் கலம் ஒரு மில்லிமீற்றருக்கும் மேல் பருமனுடையது, வெறுங்கண்ணுக்கே தெரியும். அதனால்தான் இந்த வரலாற்றில் தவளை அடிக்கடி வருகிறது. கருவுக்குரிய புரதங்கள் கருவினுள் போய்த் திரண்டன. அங்கு உரியவையல்லாத பெரிய புரதங்கள் வெளியே நின்றன. யாரோ அடையாளம் பார்த்து அனுமதிப்பது தெளிவாகியது.

இந்த இடத்தில் எனக்கு எமது சொந்த அனுபவம் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் சென்றவர்களுக்குச் சோதனைச் சாவடிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நடக்க வேண்டும். அட்டை இல்லாதவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அந்தப் பக்கம்தான். கலத்தின் வாசலிலும் இதே கேள்விதான் எழுந்தது. அந்தப் புரதங்களின் அடையாள அட்டை எது?

1982இல் கேம்பிரிட்ஜில் கொலின் டிங்வோல், ரொன் லாஸ்கி ஆகியோர் அடங்கிய குழு அதற்கு வழி காட்டியது. நியூக்கிளியோபிளாஸ்மின் என்ற தவளைப் புரதம் ஐந்து கூறுகள் சேர்ந்தது. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வால் உண்டு. வால்களை வெட்டிவிட்டுச் செலுத்தினால் எஞ்சிய பகுதி கருவுக்குள் போகவில்லை. வால் மட்டும் தனியே போனது. ஐந்தில் ஒரேயொரு வால் எஞ்சியிருந்தாலும் முழுப் புரதமும் உள்ளே சென்றது. அட்டை வாலில் இருந்தது.

அந்த அட்டையில் எழுதப்பட்டிருந்ததை 1984இல் லண்டனில் டானியல் கல்டெரொனும் அலன் சிமித்தும் அவர்களது சகாக்களும் வாசித்தனர். அவர்கள் ஆராய்ந்தது எஸ்.வி.40 என்ற குரங்கு வைரசின் புரதமொன்றை. எழுநூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் பெரிய புரதத்தில், ஏழே ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டுதான் நுழைவுச் சீட்டு. அதிலும் 128ஆவது இடத்திலிருந்த லைசின் என்ற ஒன்றை மாத்திரம் மாற்றியபோது முழுப் புரதமும் வெளியே நின்றுவிட்டது. ஓர் எழுத்துப் பிழைக்காகச் சாவடியில் மணிக்கணக்கில் நின்றவர்களை நாம் அறிவோம். அதே வருடத்தில் கார்ல் ஃபெல்டெர், நுண்ணிய பொன் துணிக்கைகளுக்கு நியூக்கிளியோபிளாஸ்மினைப் பூசிச் செலுத்தி, அவை துளைகளின் நடுவழியாகவே உள்ளே போவதைப் படமாகக் காட்டினார்.

புரதங்களுக்கு முகவரி எழுதப்பட்டிருக்கிறது என்ற அடிப்படை எண்ணத்துக்கு உரியவர் குந்தர் புளோபெல். கலத்தின் வேறு அறைகளுக்குச் செல்லும் புரதங்களில் அதனை நிறுவியமைக்காக 1999இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1945இல் எட்டு வயதுச் சிறுவனாகக் குடும்பத்துடன் இடம்பெயர்ந்த காலத்தில், ட்ரெஸ்டன் நகர் குண்டுவீச்சில் எரிவதைத் தொலைவிலிருந்து கண்டவர் அவர். பரிசுப் பணத்தின் பெரும்பகுதியை அந்நகரின் தேவாலயத்தை மீளக் கட்டவும், யூதர்களின் புதிய வழிபாட்டுத் தலத்துக்கும் அளித்தார். இடம்பெயர்வை அறிந்த எமது பிரதேசத்தவர்க்கு இச்செய்தி சொல்லாமலே பலவற்றைச் சொல்லும்.

ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். புளோபெல் கண்ட முகவரிச் சீட்டு, பெரும்பாலும் போய்ச் சேர்ந்ததும் கிழித்தெறியப்படுகிறது. கருவுக்கான சீட்டு அப்படியன்று. அது புரதத்தின் உடலோடு என்றும் இருக்கிறது. கலம் பிரியும்போது கருவின் சவ்வு கலைந்து, உள்ளிருந்த புரதங்கள் சிதறுகின்றன. மீண்டும் கரு அமையும்போது அவை திரும்ப நுழைய வேண்டுமல்லவா?

அட்டை இருந்தால் மட்டும் போதாது, கூட்டிச் செல்ல ஆளும் வேண்டும். 1990இல் அமெரிக்காவில் ஸ்டீபன் அடம், லாரி ஜெரஸ் ஆகியோர், கலத்தின் வெளிச்சவ்வை மட்டும் ஒரு மருந்தினால் துளையிட்டு, குழியவுருவை வடித்துவிட்டால் கருவுக்கான போக்குவரத்து நின்றுபோவதையும், அதனைத் திரும்ப ஊற்றினால் மீண்டும் தொடங்குவதையும் காட்டினர். வடித்த அந்தத் திரவத்தில் யாரோ இருக்கிறார்கள். 1993இல் ரான் என்ற சிறு புரதத்தின் பங்கு தெரியவந்தது. 1994இல் டிர்க் கோர்லிஷ் என்ற ஜேர்மனியர் லாஸ்கியுடன் பணியாற்றியபோது அந்த வழித்துணையைப் பிரித்தெடுத்தார். இம்போர்ட்டின் என்பது அதன் பெயர். அல்பா, பீற்றா என அதற்கு இரு பாகங்கள். அல்பா அட்டையைப் பார்த்துப் பற்றிக்கொள்கிறது. பீற்றா வலையூடாக அழைத்துச் செல்கிறது.

உள்ளே சென்றதும் கையை விடச் சொல்வது யார்? அதுதான் ரான். கருவுக்குள் ரான் ஒருவகைச் சக்திப் பொருளை ஏந்திய நிலையில் நிறைந்திருக்கிறது. அது இம்போர்ட்டினைப் பற்றியதும் புரதம் விடுபடுகிறது. வழித்துணை வெளியே திரும்பி அடுத்த பயணியைத் தேடுகிறது. வெளியே ரானின் நிலை வேறு. ஆகவே எது உள்ளே, எது வெளியே என்பதை வழித்துணை அறிந்துகொள்கிறது. ஒரு வாயிலூடாக நொடிக்கு ஆயிரமளவில் இத்தகைய பயணங்கள் நிகழ்கின்றன. இதை வாசித்துக்கொண்டிருக்கும் கணத்திலும் எமது உடலில் அது நடக்கிறது.

இனி எமது ஊருக்கு வருகிறேன்.

இலங்கையில் டெங்கு 1962இல் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. 2017இல் வந்ததுதான் பேரலை. நாடு முழுவதும் 1,86,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர், 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிழக்கிலும் ஆஸ்பத்திரி விடுதிகளில் கட்டில்களுக்கு இடையே பாய் விரித்திருந்ததை நான் பார்த்து எழுதியிருக்கிறேன். நுளம்பைப் பற்றி எழுதினேன், வடிகானைப் பற்றி எழுதினேன். வைரஸ் உள்ளே போய் என்ன செய்கிறது என்று எழுதியதில்லை.

டெங்கு வைரஸ் பெருகுவது கருவுக்கு வெளியேதான். ஆனால் அதன் மிகப் பெரிய புரதமான என்.எஸ்.5 கள்ள அட்டையொன்றை வைத்திருக்கிறது. எமது இம்போர்ட்டின் அதனை நம்பி, கருவுக்குள் கூட்டிச் செல்கிறது. நான்கு வகை டெங்கு வைரஸ்களுள் இரண்டாம் வகையில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. முதலாம், நான்காம் வகைகளில் அப்புரதம் பெரும்பாலும் வெளியே தங்கிவிடுகிறது. 2017இல் எமது நாட்டில் பரவியது முக்கியமாக இரண்டாம் வகையே. உள்ளே சென்ற என்.எஸ்.5, எமது கலம் தனது மரபுச் செய்திகளை வெட்டி ஒட்டித் திருத்தும் பணியில் தலையிடுவதாக 2016இல் ஆர்ஜென்டீன ஆய்வாளர்கள் காட்டினர்.

மொனாஷ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்ஸ் நீண்டகாலமாக ஆராய்ந்துவந்தது இந்த வாசலைத்தான். வழித்துணையைத் தடுத்தால் வைரசையும் தடுக்கலாம் அல்லவா என்ற எண்ணத்தில், அவரும் கைலி வாக்ஸ்டாஃபும் ஏற்கெனவே புழக்கத்திலுள்ள மருந்துகளைச் சலித்துப் பார்த்தனர். அகப்பட்டது ஐவர்மெக்டின். யப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து வந்த மருந்து அது. ஆபிரிக்காவின் ஆற்றுக் குருட்டு நோய்க்கு எதிராக ஆற்றிய பெரும்பணிக்காக அவரும் வில்லியம் கம்பலும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அது இம்போர்ட்டினைத் தடுத்து, ஆய்வுகூடக் கலங்களில் எச்.ஐ.வி., டெங்கு ஆகிய வைரஸ்களின் பெருக்கத்தைக் குறைப்பதாக 2012இல் இவர்கள் வெளியிட்டனர். எட்டு வருடங்களின் பின் கொரோனா வந்தபோது அதே மருந்தை எடுத்துப் பார்த்ததன் பின்னணி இதுவே. அவர்கள் செய்தது விஞ்ஞானம். அவசரப்பட்டது நான்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு மருந்து? அந்தக் கண்ணாடித் தட்டில் இட்ட செறிவு, வழமையான அளவில் குளிசை விழுங்கும் மனிதரின் குருதியில் காணப்படுவதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். அந்த அளவை எட்டும்படி விழுங்கினால் வைரசுக்கு முன்னர் மனிதருக்கே ஆபத்து நேரலாம். மேலும் அந்த வாசல் வைரசின் வாசலன்று, எமது வாசல். வைரஸ் அதனைக் களவாகப் பயன்படுத்துகிறது. நாமோ ஒவ்வொரு நொடியும் அதனாலேயே வாழ்கிறோம். கள்ளன் வருகிறான் என்று வீட்டு வாசலைக் கல் வைத்துக் கட்டிவிட்டால் வீட்டார் எப்படிப் போய்வருவது?

இதிலே இன்னொரு விசித்திரமும் உண்டு. கொரோனா வைரசின் ஒரு சிறு புரதம், தானே இந்த வாயிலில் போய் ஒட்டிக்கொள்கிறது. நோய்க்கிருமி வந்துவிட்டது என்ற எச்சரிக்கையைக் கருவுக்கு எடுத்துச் செல்லும் எமது தூதுப் புரதம் உள்ளே போகாதபடி தடுக்கிறது. அதாவது, வாசலை அடைப்பது அந்த வைரசின் தந்திரங்களில் ஒன்று.

பின்னர் நடந்தவை பதிவில் உள்ளன. 2021 மார்ச் 31இல் உலக சுகாதார ஸ்தாபனம், மருத்துவப் பரிசோதனைகளுக்கு வெளியே கொரோனாவுக்கு ஐவர்மெக்டினைப் பயன்படுத்த வேண்டாமெனப் பரிந்துரைத்தது. பிரேசிலில் 1,358 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், அம்மருந்து ஆஸ்பத்திரி அனுமதியைக் குறைக்கவில்லை. தாய்லாந்தில் டெங்கு நோயாளரிடமும் பரிசோதித்தார்கள். வைரசின் ஒரு புரதம் குருதியிலிருந்து சற்று விரைவாக நீங்கியது, ஆனால் நோயின் போக்கில் பயன் காணப்படவில்லை. ஆற்றுக் குருட்டு நோய்க்கு அது இன்றும் அருமருந்தே. ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை. எந்த நோய்க்கு, எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும்.

பெரியவர் இன்றும் நலமாக இருக்கிறார். ஒருநாள் கடற்கரையில் தோணிகளுக்கு அருகே அமர்ந்திருந்தபோது இவற்றையெல்லாம் என்னாலியன்றவரை அவருக்கு விளக்கினேன். சாவடி என்றதும் உடனே புரிந்துகொண்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டபின், "இதயெல்லாம் அண்டைக்கே எழுதியிருக்கலாமே தம்பி" என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்திரிகையில் ஒருவரின் பெயரோ திகதியோ பிழைத்தால் மறுநாள் ஒரு மூலையில் "திருத்தம்" என்று போடுவோம். எனது அந்தச் செய்தியில் பெயர் பிழைக்கவில்லை, திகதி பிழைக்கவில்லை, எண்ணும் பிழைக்கவில்லை. ஆகவே திருத்தம் எதுவும் வெளிவரவில்லை. நான்காம் பந்தியில் இருந்த சொற்கள் தலைப்பில் இருந்திருக்க வேண்டும் என்பதே பிழை. அந்தத் திருத்தத்தை இங்கே வெளியிடுகிறேன்.